பிரிட்டனில் செகண்ட் ஹேண்ட் கார்: டாக்ஸையும் இன்சூரன்ஸையும் எந்த வழியில் எடுப்பது?

"டாக்ஸ் மார்ச் வரைக்கும் கட்டியிருக்கு தம்பி, நீங்க பாட்டுக்கு எடுத்துட்டுப் போய் ஓட்டுங்க." டீலர் பக்கம் போகாமல், விளம்பரத்தைப் பார்த்து ஆளிடமே நேரடியாகக் கார் வாங்கப் போகிறவர்கள் காதில் இது இன்னும் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. சொல்கிறவர் ஏமாற்றுகிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு காலத்தில் அது உண்மை. டாக்ஸ் கட்டியதற்கு அடையாளமாக முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த வட்டக் காகிதம் காரோடு சேர்ந்தே கைமாறும். "ஆறு மாத டாக்ஸ் இருக்கிறது" என்று சொல்லி விலையைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளவும் முடியும். 2014 அக்டோபர் 1ஆம் தேதியோடு அந்தக் காகிதம் ஒழிந்தது. மிச்சமிருக்கும் டாக்ஸ் வாங்குகிறவருக்குப் போகும் வழக்கமும் அன்றோடு முடிந்தது.

இப்போது கார் கைமாறியதாக, வண்டிகளைப் பதிவு செய்யும் அரசு அலுவலகமான டிவிஎல்ஏவுக்குத் தகவல் போனதும் விற்றவரின் டாக்ஸ் ரத்தாகிவிடும். மிச்சமுள்ள முழு மாதங்களுக்கான பணம் அவருக்கே திரும்பிப் போகும். வாங்கியவர் தன் பெயரில் புதிதாகக் கட்டிய பிறகுதான் வண்டியைச் சாலையில் இறக்கலாம். இன்சூரன்ஸ் கதையும் அதேதான்: விற்றவரின் பாலிசி அவருக்கு, உங்களுக்கு அதில் ஒன்றும் இல்லை. காரோடு சேர்ந்து வருவது எம்ஓடி மட்டும்தான், அதாவது வண்டி ஓட்டத் தகுதியானது என்று சோதித்துத் தரும் சான்று.

அதனால் சாவி கைக்கு வரும் இடத்திலிருந்து உங்கள் வீடு வரை வண்டி எந்த இன்சூரன்ஸில் வரப்போகிறது, டாக்ஸை என்றைக்கு, எப்படிக் கட்டப்போகிறீர்கள் என்பதைக் கிளம்பும் முன்பே முடிவு செய்தாக வேண்டும். டீலர் என்றால் அங்கேயே உட்கார வைத்து டாக்ஸ் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். சில இடங்களில் முதல் சில நாளுக்கு இன்சூரன்ஸும் சேர்த்துத் தருவார்கள். யாரோ ஒருவர் வீட்டு வாசலில் நின்று வாங்கும்போது எல்லாம் நம் தலையில்.

இன்சூரன்ஸை முதலில் பார்ப்போம், ஏனென்றால் தவறினால் அடி பலமாக விழுவது அங்கேதான். இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் 300 பவுண்டு அபராதமும் லைசென்ஸில் 6 பாயிண்டும். விஷயம் கோர்ட்டுக்குப் போனால் அபராதத்துக்கு உச்ச வரம்பே கிடையாது, ஓட்டவே தடை விதிக்கலாம். வண்டியைப் போலீஸ் அங்கேயே தூக்கிக்கொண்டும் போகலாம். லைசென்ஸ் எடுத்து இரண்டு வருடம் ஆகாதவர் என்றால் அந்த 6 பாயிண்டே போதும், லைசென்ஸ் போய்விடும். தியரி, பிராக்டிக்கல் எல்லாம் மறுபடியும் முதலிலிருந்து. இதோடு ஒப்பிட்டால், டாக்ஸ் கட்டாததற்குத் தபாலில் வரும் 80 பவுண்டு அபராதம் சின்ன விஷயம். அதையும் 33 நாளுக்குள் கட்டினால் 40தான்.

"என் பாலிசியில் எந்தக் காரையும் ஓட்டலாமே"

ஏற்கெனவே கார் வைத்திருப்பவர்கள் முதலில் பிடித்துக்கொள்வது இந்த வழியைத்தான். இதை வழி என்று சொல்வதே தப்பு.

நம் காரின் சேதத்துக்கும் சேர்த்துப் பணம் தரும் காம்ப்ரிஹென்சிவ் பாலிசிகள் சிலவற்றில் அடுத்தவர் காரை ஓட்டும் அனுமதி இருக்கும், உண்மைதான். எல்லாப் பாலிசியிலும் இருக்காது. 25 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குப் பல கம்பெனிகள் அதைத் தருவதேயில்லை. இருந்தாலும் அது பெரும்பாலும் தேர்ட் பார்ட்டி அளவுக்குத்தான்: மோதினால் எதிரே வந்தவர் காருக்குப் பணம் கிடைக்கும், நீங்கள் ஓட்டி வந்த காருக்குக் கிடைக்காது. சரி, பக்கத்து ஊர்தானே, மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று நினைக்கலாம். ஆனால் இன்சூரன்ஸ் சர்டிபிகேட்டை எடுத்து அந்த வரியைப் படித்துப் பாருங்கள். பாலிசிதாரருக்குச் சொந்தமில்லாத, அவர் வாடகைக்கோ தவணைக்கோ எடுக்காத கார் என்ற அர்த்தத்தில் இருக்கும். பணத்தைக் கொடுத்துச் சாவியை வாங்கியதும் அது உங்கள் கார். அனுமதியும் அதோடு முடிந்தது.

"லாக்புக் இன்னும் அவர் பேரில்தானே இருக்கு" என்ற வாதமும் எடுபடாது. வி5சி என்ற அந்த லாக்புக் காட்டுவது வண்டிக்குப் பொறுப்பாளராகப் பதிவானவரை. அது உரிமைக்குச் சான்று இல்லை என்று அந்தக் காகிதத்திலேயே அச்சடித்திருக்கிறார்கள்.

இந்த அனுமதி உதவும் ஒரே இடம், வாங்குவதற்கு முன்னால் ஓட்டிப் பார்ப்பது. அப்போது கார் இன்னும் அவருடையது. அதிலும்கூட, ஓட்டும் காருக்குத் தனியாக இன்சூரன்ஸ் இருந்தாக வேண்டும் என்று சில கம்பெனிகள் நிபந்தனை வைக்கும். விற்பவர் போன வாரமே தன் பாலிசியை கேன்சல் செய்திருந்தால் ஓட்டிப் பார்ப்பதும் சிக்கல்தான். போனிலேயே அவரிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

ஒரு நாள் இன்சூரன்ஸ்

ஒரு மணி நேரத்திலிருந்து 28 நாள் வரை, சில கம்பெனிகளில் அதற்கு மேலும், தற்காலிக இன்சூரன்ஸ் எடுக்கலாம். காரின் நம்பர், லைசென்ஸ் விவரம், எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை என்று போனிலேயே கொடுத்தால் சில நிமிடத்தில் சர்டிபிகேட் இமெயிலுக்கு வந்துவிடும். பெரும்பாலும் காம்ப்ரிஹென்சிவ்தான். ஏதாவது நடந்தால் கிளைம் உங்கள் முக்கியப் பாலிசியின் நோ கிளைம் போனஸில், அதாவது கிளைம் கேட்காத வருடங்களுக்காகக் கிடைக்கும் தள்ளுபடியில், கை வைக்காது என்பது இதில் உள்ள நல்ல விஷயம். வேறு கம்பெனியில் எடுக்கும்போது அந்தக் கிளைமைச் சொல்லத்தான் வேண்டும், அது வேறு.

நாள் கணக்கில் பார்த்தால் இது விலை கூடின இன்சூரன்ஸ். இரண்டு வாரம் மூன்று வாரம் என்று இழுத்தால் கட்டுப்படியாகாது. விபத்தில் நம் கையிலிருந்து போடவேண்டிய தொகையும் வருடப் பாலிசியைவிட அதிகமாக இருப்பது சகஜம். விலைக்குப் பக்கத்திலேயே அதையும் பாருங்கள். குறைந்தபட்ச வயது, எத்தனை வருட லைசென்ஸ், காரின் மதிப்பு எல்லாவற்றிலும் கம்பெனிக்குக் கம்பெனி கட்டுப்பாடு உண்டு. கிளம்புகிற அன்று காலையில் அல்ல, முந்தின இரவே உங்கள் விவரத்தைப் போட்டுப் பார்த்து, தருகிறார்களா என்று தெரிந்துகொள்வது நல்லது.

இதில் உள்ள குழி வேறு இடத்தில் இருக்கிறது. சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு 24 மணி நேர இன்சூரன்ஸ் எடுத்துக் காரைக் கொண்டுவந்து வீட்டுக்கு முன்னால் தெருவில் நிறுத்துகிறீர்கள். ஞாயிறு 2 மணிக்கு அது முடிகிறது. திங்கட்கிழமை சாவகாசமாக வருடப் பாலிசி பார்க்கலாம் என்று இருந்தால், நடுவில் உள்ள நேரத்தில் நீங்கள் ஓட்டவே இல்லை என்றாலும் கார் இன்சூரன்ஸ் இல்லாமல் பொதுச் சாலையில் நிற்கிறது. 2011லிருந்து இங்கே விதி அப்படி: ஓட்டுவது மட்டுமில்லை, இன்சூரன்ஸ் இல்லாத காரை வைத்திருப்பதே குற்றம். 100 பவுண்டு அபராதம், கோர்ட்டுக்குப் போனால் 1,000 வரை. ஒரு நாள் இன்சூரன்ஸ் எடுப்பவர்கள் அது முடிகிற நிமிடத்தில் அடுத்தது தொடங்குகிற மாதிரி ஏற்பாடு செய்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

முழு வருடப் பாலிசி, அங்கேயே நின்று

வேறு கார் இல்லாதவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். எப்படியும் வருடப் பாலிசி வேண்டும். அதை ஒரு நாள் தள்ளிப்போட்டு, நடுவில் ஒரு நாளுக்குத் தனியாகப் பணம் கட்டுவதில் பெரும்பாலும் அர்த்தமில்லை.

மறுப்பாக ஒன்று சொல்வார்கள்: காரைப் பார்த்துப் பிடிக்கவில்லை என்றால்? அதனால்தான் முன்கூட்டியே பணம் கட்டாதீர்கள், கொட்டேஷன் மட்டும் வாங்கி சேமித்து வையுங்கள் என்கிறேன். விளம்பரத்தில் காரின் நம்பர் இருக்கும், இல்லாவிட்டால் கேட்டால் கொடுப்பார்கள். ஒப்பீட்டுத் தளங்களில் விவரம் எல்லாம் நிரப்பி, பிடித்த கொட்டேஷனைக் கையில் வைத்துக்கொண்டு போனால், விலை பேசி முடிந்ததும் போனிலேயே பணம் கட்டி "இந்த நிமிடத்திலிருந்து" என்று தொடங்கலாம். அப்புறம் மனம் மாறினாலும் 14 நாளுக்குள் ரத்து செய்யும் உரிமை உண்டு. ஓடின நாளுக்கான பணமும் ஏதோ ஒரு நிர்வாகக் கட்டணமும் பிடித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

முன்கூட்டியே கொட்டேஷன் வாங்குவதில் இன்னொரு லாபம், காரையே தேர்ந்தெடுக்க அது உதவும். ஒரே விலையில் இரண்டு கார் இருக்கும். ஒன்றுக்கு இன்சூரன்ஸ் மற்றதைவிட நூற்றுக்கணக்கில் கூட வரும். கார்களை 1 முதல் 50 வரை குரூப் பிரித்திருக்கிறார்கள். குரூப் நம்பர் ஒரு குறிப்புதான், உண்மையான தொகை உங்கள் வயது, போஸ்ட்கோடு, வேலை எல்லாம் சேர்ந்து வருவது. அதனால் மனசுக்குப் பிடித்த காரின் நம்பரையே போட்டுப் பார்த்தால்தான் தெரியும். கேட்டகரி எஸ், கேட்டகரி என் என்று ஒருமுறை இன்சூரன்ஸ் கம்பெனி கழித்துவிட்ட கார் என்றால் சில கம்பெனிகள் எடுக்கவே மாட்டார்கள். விலை சகாயமாக இருக்கிறதே என்று வாங்கிவிட்டு, பிறகு இன்சூரன்ஸுக்கு அலையக்கூடாது. விற்பவர் சக்கரம் மாற்றியிருந்தால், எக்ஸாஸ்ட் மாற்றியிருந்தால் அதையும் சொல்லியாக வேண்டும். "நான் மாத்தலையே, அவர்தான் மாத்தினார்" என்பது கிளைம் நேரத்தில் உதவாது.

எப்போது எடுக்கிறோம் என்பதும் விலையை மாற்றும். அன்றைக்கே தொடங்கும் பாலிசிக்கு வரும் விலையைவிட, இரண்டு மூன்று வாரம் கழித்துத் தொடங்கும் பாலிசிக்கு முன்னதாகவே பணம் கட்டினால் வரும் விலை பெரும்பாலும் குறைவு. கடைசி நிமிடத்தில் வருகிறவரைக் கம்பெனிகள் ரிஸ்க் கூடியவராகப் பார்க்கின்றன. டீலரிடம் வாங்கும்போது டெலிவரி தேதி முன்பே தெரிந்துவிடுவதால் இதைப் பயன்படுத்திக்கொள்ள முடியும். நேரடியாக வாங்கும்போது நல்ல கார் அத்தனை நாள் காத்திருக்காது. விற்பவர் தெரிந்தவர், "அடுத்த மாசம் முதல் வாரம் எடுத்துக்கங்க" என்கிறார் என்றால் மட்டும் இந்த லாபத்தை விடாதீர்கள்.

நம் வீடுகளில் நடக்கும் ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பையன் ஓட்டப்போகிற காருக்கு அப்பா பெயரில் பாலிசி எடுத்து, பையனைக் கூடுதல் டிரைவராகப் போடுவது. பிரீமியம் பாதியாகக் குறைகிறது என்று பெருமையாகச் சொல்வார்கள். பெரும்பாலும் ஓட்டுகிறவர் பையன் என்றால் அது மோசடி. விபத்து நடந்து விசாரணை வந்தால் பாலிசியே செல்லாமல் போகும், அப்பாவின் பெயரும் சேர்ந்து கெடும். உண்மையாகவே அப்பாதான் அதிகம் ஓட்டுகிறார், பையன் எப்போதாவது எடுக்கிறான் என்றால் பிரச்சினை இல்லை.

இருக்கிற பாலிசியில் காரை மாற்றுவது

பழைய காரை விற்றுவிட்டுப் புதியதை எடுக்கிறவர்களுக்கு, பாலிசியில் இன்னும் பல மாதம் மிச்சமிருந்தால், இதுதான் சுலபம். கம்பெனிக்குப் போன் செய்தோ ஆப்பிலோ பழைய நம்பரை எடுத்துவிட்டுப் புதிய நம்பரைப் போடச் சொன்னால் முடிந்தது. மிச்சமுள்ள காலத்துக்கான வித்தியாசத்தை வாங்குவார்கள், அல்லது திருப்பித் தருவார்கள். மாற்றத்துக்கு ஒரு கட்டணமும் இருக்கும். நோ கிளைம் போனஸ் அப்படியே தொடரும். நடுவில் ரத்து செய்துவிட்டு வேறு கம்பெனிக்குப் போனால் அந்த வருடத்துக்கான போனஸ் சேராது, ரத்துக் கட்டணமும் தனி. வேறு இடத்தில் விலை குறைவாகத் தெரிந்தாலும் இந்த இரண்டையும் கழித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்ய வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு அண்ணன் வெள்ளிக்கிழமை மாலை புதுக் காரை எடுத்தார், வாசலில் நின்றபடியே ஆப்பில் நம்பரை மாற்றினார், சந்தோஷமாக ஓட்டி வந்தார். பழைய கார் விற்பனைக்கு என்று வீட்டுக்கு வெளியே சாலையோரம் நின்றிருந்தது. நம்பரை மாற்றிய நிமிடத்திலிருந்து அதற்கு இன்சூரன்ஸ் இல்லை என்பது, அதைப் பார்க்க வந்தவர் "ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கலாமா" என்று கேட்டபோதுதான் அவருக்கு உறைத்தது. ஒரு பாலிசி, ஒரு கார்: இதை மறந்துவிடுகிறோம்.

இரண்டு காரும் ஒரு வாரமாவது சேர்ந்து இருக்கப்போகின்றன என்றால், புதிய காரைக் கொஞ்ச நாளுக்குக் கூடுதலாகச் சேர்க்க முடியுமா என்று உங்கள் கம்பெனியிடம் கேளுங்கள். சிலர் செய்து தருவார்கள். முடியாது என்றால் புதிய காருக்கு ஒரு நாள் இன்சூரன்ஸ் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டு, பழையது போன பிறகு பாலிசியை மாற்றலாம். ஒரு நாள் இன்சூரன்ஸுக்கு உண்மையான பயன் இந்த இடத்தில்தான், அதுவும் கார் நிற்கும் எல்லா நாளுக்கும் இன்சூரன்ஸ் இருந்தால்.

சுருக்கமாக என் தேர்வு: காரே இல்லாதவர் வாசலில் நின்று வருடப் பாலிசி எடுக்கட்டும். பழையதை முன்பே விற்றுவிட்டவர் இருக்கிற பாலிசியை மாற்றட்டும். இரண்டு காருக்கும் நடுவில் நிற்பவர் மட்டும் தற்காலிகப் பாலிசிக்குப் போகட்டும்.

டாக்ஸ்: காரின் விலையைவிட முதலில் பார்க்க வேண்டிய தேதி

டாக்ஸ் எவ்வளவு என்பதை முடிவு செய்வது முதன்முதலில் கார் பதிவான தேதி. 2025 ஏப்ரலில் தொடங்கிய வரி ஆண்டின் கணக்கில் சொல்கிறேன். 2017 ஏப்ரல் 1 முதல் பதிவான கார்களுக்கு முதல் வருடம் போனபின் ஒரே கட்டணம், வருடத்துக்கு 195 பவுண்டு. 2001 மார்ச்சிலிருந்து 2017 மார்ச் வரை பதிவானவற்றுக்குப் புகை அளவைப் பொறுத்துப் படிகள். அதற்கும் முந்தியவை இன்ஜின் அளவின்படி, 1549 சிசிக்கு மேலே கீழே என்று இரண்டே வகை.

இந்த எல்லைக்கோட்டின் விசித்திரத்தை ஒரு காரில் பார்க்கலாம். கிலோமீட்டருக்கு 100 கிராம் கார்பன் டை ஆக்சைடு விடும் சின்ன ஹேட்ச்பேக். ஒன்று 2017 மார்ச் 31இல் பதிவானது, இன்னொன்று மறுநாள். அதே மாடல், அதே இன்ஜின். முதலாவதற்கு வருட டாக்ஸ் 20 பவுண்டு, இரண்டாவதற்கு 195. கட்டணம் இப்படியே இருந்தால் ஐந்து வருடத்தில் வித்தியாசம் 875 பவுண்டு. விளம்பரத்தில் இரண்டுமே "2017 மாடல்" என்றுதான் இருக்கும். அரசின் இணையதளத்தில் நம்பரைப் போட்டால் பதிவுத் தேதி, புகை அளவு, டாக்ஸ், எம்ஓடி நிலை எல்லாம் இலவசமாகத் தெரியும்; பார்த்துவிட்டுப் பேரம் பேசப் போகலாம்.

அதே காலத்துப் பெரிய இன்ஜின் கார்களில் நிலைமை தலைகீழ். விலை மலிவாகக் கிடைக்கும் ஜீப்புகளும் சொகுசுக் கார்களும் வருட டாக்ஸில் 700 பவுண்டைத் தாண்டும். இதிலும் ஒரு சலுகைத் தேதி இருக்கிறது: 2006 மார்ச் 23க்கு முன்னால் பதிவானவற்றுக்குப் புகை எவ்வளவு அதிகமானாலும் உச்சப் படி போடுவதில்லை, ஒரு நடுப் படியோடு நிறுத்திவிடுகிறார்கள்.

புதிதாக இருந்தபோது 40,000 பவுண்டுக்கு மேல் விலை போட்ட காருக்கு, இரண்டாவது வருடத்திலிருந்து ஐந்து வருடம் கூடுதல் டாக்ஸ் உண்டு: 425 பவுண்டு. நீங்கள் அதைப் பாதி விலைக்கு வாங்கியிருந்தாலும் கணக்கு அன்றைய பட்டியல் விலையில்தான். நான்கு வயதுக் கார் என்றால் வருடத்துக்கு 620 பவுண்டு கட்டிக்கொண்டிருக்க வேண்டும். எலெக்ட்ரிக் கார்களுக்கு டாக்ஸே இல்லை என்பதும் பழைய கதை. 2025 ஏப்ரலிலிருந்து அவற்றுக்கும் உண்டு, 2017 ஏப்ரல் 1 முதல் பதிவானவை 195 கட்டும்.

லண்டனில் இருப்பவர்கள் 20 பவுண்டு டாக்ஸைப் பார்த்து மயங்கிவிட வேண்டாம். அப்படிக் குறைந்த டாக்ஸில் கிடைக்கும் 2010, 2012ஆம் வருடத்து டீசல் கார்களில் பெரும்பாலானவை, லண்டனில் புகையைக் கட்டுப்படுத்தும் யூலெஸ் விதியின் அளவைத் தாண்டியவை. ஓட்டும் ஒவ்வொரு நாளுக்கும் 12.50 பவுண்டு. இரண்டு நாள் ஓட்டினால் வருட டாக்ஸைத் தாண்டிவிடும்.

மாதக் கடைசியா, முதல் தேதியா

டாக்ஸ் எந்தத் தேதியில் கட்டினாலும் அந்த மாதம் 1ஆம் தேதியிலிருந்தே கணக்கு. விற்றவருக்குத் திரும்புவது மிச்சமுள்ள முழு மாதங்கள் மட்டும். ஆக, கைமாறும் மாதத்துக்கு ஒரே காருக்கு இருவரும் கட்டுகிறீர்கள். 30ஆம் தேதி எடுத்தால் ஒன்றிரண்டு நாளுக்காக ஒரு மாத டாக்ஸ் போகும். கொஞ்சம் தள்ளி 1ஆம் தேதி எடுத்தால் அது மிச்சம். விற்பவருக்கு இது நேர் எதிர்: 31ஆம் தேதிக்குள் சொல்லிவிட்டால் அடுத்த மாதத்திலிருந்து அவருக்குப் பணம் திரும்பும், 1ஆம் தேதி ஆகிவிட்டால் ஒரு மாதம் போயிற்று. அவர் "இன்னைக்கே எடுத்துட்டுப் போங்க" என்று அவசரப்படுத்தினால் காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

195 பவுண்டு காரில் ஒரு மாதம் என்பது 16 பவுண்டு சொச்சம். அதற்காக நல்ல காரைக் கைவிட வேண்டாம். 700 பவுண்டு காரில் அது 60 பவுண்டுக்குப் பக்கம். அங்கே தேதியைப் பேசுவதில் தப்பில்லை.

எப்படிக் கட்டுவது என்பதில் அதிகம் யோசிக்கவே வேண்டாம். மொத்தமாக ஒரு வருடம் 195. மாதாமாதம் டைரக்ட் டெபிட் என்றால் வருடத்துக்கு 204.75. ஆறு மாதத்துக்கு ஒரே தடவையாகக் கட்டினால் 107.25. "நாலு மாசத்துல வித்துடுவேன், எதுக்கு வருஷத்துக்குக் கட்டணும்" என்று ஆறு மாதம் கட்டுகிறவர்கள் உண்டு. விற்றால் முழு மாதங்களுக்கான பணம் எப்படியும் திரும்பி வரும். ஆறு மாதத்துக்காகக் கூடுதலாக வாங்கிய பத்து சதவீதம்தான் திரும்பாது. கையில் பணம் இருந்தால் வருடம், இல்லையென்றால் மாத டைரக்ட் டெபிட்.

வாசலில் எது முன்னால், எது பின்னால்

வி5சி கையில் இல்லை, தபாலில் வருகிறது என்று சொன்னால் காரை வாங்காதீர்கள். புதிய பொறுப்பாளருக்கான பச்சைத் துண்டில் உள்ள 12 இலக்க எண் இருந்தால்தான் அங்கேயே டாக்ஸ் கட்ட முடியும். அது இல்லாமல் வாங்கினால் தனியாக விண்ணப்பித்து 25 பவுண்டு கட்டி வாரக் கணக்கில் காத்திருக்க வேண்டும், டாக்ஸ் ஏறும்வரை ஓட்டவும் முடியாது. எம்ஓடி காலாவதி ஆகியிருந்தாலும் டாக்ஸ் ஏறாது. எம்ஓடிக்கு அதிகபட்சக் கட்டணம் 54.85 பவுண்டுதான். விற்பவரையே போட்டுத் தரச் சொல்லுங்கள். தயங்குகிறார் என்றால் அதிலேயே ஒரு பதில் இருக்கிறது.

எல்லாம் சரி என்றால் முதலில் இன்சூரன்ஸ் தொடங்கட்டும். பிறகு பணம், சாவி. விற்பவர் உங்கள் எதிரிலேயே டிவிஎல்ஏ தளத்தில் உங்கள் பெயர், முகவரியைப் போட்டு மாற்றட்டும். அப்புறம் பச்சைத் துண்டை வைத்து நீங்கள் டாக்ஸ் கட்டிவிட்டு வண்டியை எடுங்கள். "வீட்டுக்குப் போய்ப் பொறுமையாகக் கட்டிக்கிறேன்" என்று கிளம்பினால், நெடுஞ்சாலைக் கேமராவில் டாக்ஸ் இல்லாத காராகத்தான் பதிவாவீர்கள். புதிதாக எடுத்த இன்சூரன்ஸ் போலீஸ் பார்க்கும் பட்டியலில் ஏறக் கொஞ்சம் நேரமாகலாம், சர்டிபிகேட்டைப் போனில் இறக்கி வைத்துக்கொள்வது நல்லது.

ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு ஒரு கூடுதல் கணக்கு. இந்திய, இலங்கை லைசென்ஸில் இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் ஓட்டலாம். அதன்பின் இங்கே டெஸ்ட் எழுதித் தேர வேண்டும். மாற்றிக்கொள்ளும் வசதி இந்த இரண்டு நாட்டுக்கும் இல்லை. பல தற்காலிக இன்சூரன்ஸ் கம்பெனிகள் பிரிட்டிஷ் லைசென்ஸ் மட்டுமே எடுக்கும். ஊரில் சேர்த்த நோ கிளைம் போனஸ் பெரும்பாலும் செல்லாது. இவர்கள் காரைத் தேடும் முன்பே இன்சூரன்ஸ் கொட்டேஷன் போட்டுப் பார்ப்பது நல்லது. தொகையைப் பார்த்துவிட்டு, இங்கத்திய லைசென்ஸ் கிடைக்கும்வரை கார் வாங்குவதைத் தள்ளிப்போட்டவர்கள் நிறையப் பேர்.

காரை உடனே ஓட்டப்போவதில்லை, ரிப்பேர் செய்யவோ பிள்ளைக்காக எடுத்து வைக்கவோ வாங்குகிறீர்கள் என்றால் சோர்ன் என்ற வழி இருக்கிறது. சாலையில் ஓடாத கார் என்று அறிவித்துவிட்டால் டாக்ஸும் வேண்டாம், இன்சூரன்ஸும் கட்டாயமில்லை, அறிவிப்பதற்குக் கட்டணமும் இல்லை. ஆனால் விற்றவர் போட்டிருந்த சோர்ன் உங்களுக்குத் தொடராது, உங்கள் பெயரில் புதிதாகப் போட வேண்டும். வண்டி சொந்த டிரைவ்வேயிலோ கராஜிலோ நிற்க வேண்டும். வீட்டுக்கு முன்னால் தெருவில் நிறுத்தினால் செல்லாது. அப்படிப்பட்ட காரை வீடு வரை ஓட்டிக்கொண்டு வரவும் முடியாது. லாரியிலோ டிரெய்லரிலோ ஏற்றித்தான் கொண்டுவர வேண்டும், அந்தச் செலவையும் விலை பேசும்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.